கள்ளன் செய்த கிரியை

கேள்வி: இரட்சிப்புக்கு விசுவாசம் மட்டும் போதுமா, நற்கிரியையும் வேண்டுமா?

பதில்: அந்த ‘மட்டும்’தான் சண்டையே! லூதர் 1522-ல் ரோமர் நிருபத்தை ஜெர்மனில் பெயர்த்தபோது, மூலத்தில் இல்லாத அச்சொல்லைச் சேர்த்தார். கிரியையை வலியுறுத்தும் யாக்கோபு நிருபத்தை வைக்கோல் என்றார். ஆனாலும் அந்த வைக்கோலைத் தன் பைபிளிலிருந்து உதறிவிடவில்லை. கடைசிக்குத் தள்ளியதோடு சரி. 1999-ல் ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லூதரன்களும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, மீட்பு கிருபையால் வருவது, நற்செயல் அதன் கனி என்கிறது.

எனக்குச் சிலுவையில் தொங்கிய கள்ளன்தான் சாட்சி. தானதருமம் செய்ய அவனுக்கு நேரமுமில்லை, கையும் சும்மா இல்லை. மிச்சமிருந்தது வாய் ஒன்றுதான். சீடர்களில் பெரும்பாலோர் ஓடிப்போன நேரத்தில், இயேசுவைப் பழித்த மற்றொரு கள்ளனை அந்த வாயால் கடிந்துகொண்டான். தன்னை நினைத்தருளும்படி அவரிடம் கேட்டது அதற்குப் பிறகுதான்.