ஸ்க்ரம் கையேட்டுப் பாடபேதங்கள்: ஒரு நாஞ்சில் நாட்டு ஆராய்ச்சி

1. நூல் வரலாறு

மென்பொருள் எழுதும் குலத்தார்க்கு விதிநூலாய் விளங்கும் ஸ்க்ரம் கையேட்டை அருளியோர் கென் ஷ்வாபர், ஜெஃப் சதர்லாந்து என்னும் இருவர். முதற்பதிப்பு 2010. பின்னர் 2011, 2013, 2016, 2017, 2020 ஆகிய ஆண்டுகளில் திருத்தங்கள். பதிப்பின் முகப்பிலேயே மாதமும் ஆண்டும் அச்சிட்டுத் தொலைத்திருப்பதால், இதன் காலத்தைக் கடல்கோளுக்கு முன்னே தள்ளவோ பல்லவர்க்குப் பின்னே இழுக்கவோ வழியில்லை. இது தமிழாய்வாளர் பிழைப்பில் மண் போடும் செயல்.

2. பாடபேத வகைகள்

(அ) திரிந்தது: வேலைப்பட்டியலைச் சீர்செய்யும் 'க்ரூமிங்' 2013-இல் 'ரிஃபைன்மென்ட்' ஆயிற்று. வேலைப்பட்டியல் குறையவில்லை.

(ஆ) உயர்ந்தது: 'செல்ஃப் ஆர்கனைசிங்' அணி 2020-இல் 'செல்ஃப் மேனேஜிங்' அணியாயிற்று. நாகர்கோவில் நகராட்சி 2019-இல் மாநகராட்சியானதோடு ஒப்பிடுக.

(இ) கெட்டது: ஸ்க்ரம் மாஸ்டரின் 'சர்வன்ட் லீடர்' பட்டம் 2020-இல் 'சேவை செய்யும் மெய்த்தலைவர்' ஆயிற்று; சேவகர் என்னும் பெயர் போயிற்று, சேவை நின்றது. கேட்டைக் கண்டு எவரும் அழுததாகச் செய்தியில்லை.

(ஈ) போய் மீண்டது: இதுவே இவ்வாய்வின் உயிர்நிலை. ஆதியில் அணியினர் ஸ்பிரிண்ட் என்னும் வேலைச்சுற்று தொடங்குமுன் இன்னின்ன முடிப்போம் என்று 'கமிட்' செய்தனர். 2011-இல் அச்சொல்லை அகற்றி 'ஃபோர்காஸ்ட்' என்று பாடம் திருத்தினர். சொன்ன மழை பெய்யாததற்காக வானிலைக்காரரை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இல்லையாதலால் அணியினர் மகிழ்ந்தனர். 2016-இல் ஐந்து விழுமியங்களைச் சேர்த்தபோது, வெளியேறிய 'கமிட்மென்ட்' அவற்றுள் ஒன்றாய் வந்தமர்ந்தது. 2020-இல் ப்ராடக்ட் கோல், ஸ்பிரிண்ட் கோல், டெஃபினிஷன் ஆஃப் டன் மூன்றுக்கும் அதுவே பொதுப்பெயர்.

போனதும் வந்ததும் ஒரே சொல்லா? வேறு வேறு என்பார் ஒருசாரார். சான்றிதழ் வகுப்பு நடத்துவோர் அவர்களே. பழைய உரைகாரர் நச்சினார்க்கினியர் கையில் கிடைத்திருந்தால் 2011-இன் எழுவாயை 2020-இன் பயனிலையோடு மாட்டி, நடுவிலுள்ள ஒன்பது ஆண்டையும் இசையெச்சமாக்கியிருப்பார்.

நாஞ்சில் வழக்கோ சிக்கலற்றது. மேலாளர், "மக்கா, சோலி எப்பம் தீரும்?" என்பார். "நாளைக்குத் தீந்திரும்ணே" என்பான் பையன். இது கமிட்மென்ட்டா, ஃபோர்காஸ்ட்டா? (காண்க: செட்டிகுளம் பக்கத்து அலுவலகம், வெள்ளைப்பலகை, இடப்பக்க மூலை. ஒப்புநோக்குக: மேற்படி பலகை, துடைத்த நீல மையின் அடியில் தெரியும் சிவப்பு மை, மஞ்சள் ஒட்டுத்தாளின் பின்புறம், டீக்கறையால் சிதைந்த ஈற்றெழுத்து 'ம்' என்றும் 'மா?' என்றும் இருவகையாய்ப் படிக்கப்படும். துப்புரவு அம்மாள் பாடத்தில் இவ்வரியே இல்லை.) இங்கு 'நாளை' காலப்பெயரா அசைநிலையா என்பது முனைவர் பட்டத்துக்குரிய தலைப்பு. அவ்வேட்டுக்கும் சமர்ப்பிக்கும் தேதி நாளையே.

(உ) வழக்கொழிந்தது: அன்றாடக் கூட்டத்தின் மூன்று கேள்விகள். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், தடை என்ன? 2017-இல் இவை வெறும் எடுத்துக்காட்டாகச் சுருங்கின. 2020-இல் நூலைவிட்டே போயின. நம்மூரில் இன்றும் மூன்றும் கேட்கப்படுகின்றன. நூல் வழக்கு இறந்தும் உலக வழக்கு இறவாததற்கு இது சான்று.

3. உரைமரபு

2020-இல் நூல் முன்னையதிலும் சுருங்கி 14 பக்கத்துள் அடங்கிற்று. மூலம் சுருங்கினால் உரை பெருகும் என்பதே நம் மரபு. விளக்கப் புத்தகம், வகுப்பு, தேர்வு, சான்றிதழ், அதைக் கழுத்தில் தொங்கவிடும் நாடா என இங்கும் அவ்வாறே பெருகின. உரைகாரர் பலர் மூலத்தைத் திறந்ததில்லை. இலக்கண உலகில் இது புதிதன்று.

4. முடிபு

சொல்லை மாற்றுவது வேலையை மாற்றுவதினும் எளிது. ஆகவே சொற்கள் மாறின. 2010 முதல் 2020 வரை எப்பதிப்பிலும் பாடபேதமின்றி நிற்பது ஒன்றுண்டு: அன்றாடக் கூட்டம் 15 நிமிடம். ஒன்றரை மணி நேரம் நிற்கவைக்கும் மேலாளப் பெருமக்கள் திருத்தப்படாத இவ்வொன்றையேனும் கடைப்பிடித்தருள வேண்டும்.