மேஸ்திரிக்கு ஒரு போன்

2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை. ஃபெஞ்சல் புயல் உபயம். பக்கத்துத் திண்டிவனத்தில் எங்கள் பூர்வீக வீட்டுக்கு அதில் எவ்வளவு பங்கு வந்தது என்று தெரியாது. கூடத்தில் நான்கு குண்டானும் ஒரு இட்லிப் பானையும் நிரம்பியதாகக் குடியிருப்பவர் சொன்னார்.

பழைய தளத்தைக் கொத்தியெடுத்து, சுருக்கி போட்டு, தட்டோடு பதிப்பதென்று அன்றே முடிவாயிற்று. மேஸ்திரிக்குப் போன் போடுவதுதான் பாக்கி. ஒரு வருஷமாக அதற்குத் தயாராகிக்கொண்டிருந்தேன்.

"விவரம் தெரிஞ்ச மாதிரி பேசணும் மாமா, இல்லேன்னா தலையில மிளகாய் அரைச்சிடுவாங்க" என்று திண்டிவனத்து மச்சான் சொல்லியிருந்தான். ஆகவே விழுப்புரத்தில் ரயிலேறியதும் பாடம் ஆரம்பம். முண்டியம்பாக்கம்: ஒரு சதுரம் 100 சதுர அடி. விக்கிரவாண்டி: ஒரு யூனிட் 100 கன அடி. பேரணி: கட்ட எம்-சாண்ட், பூச பி-சாண்ட். மயிலத்தில் எந்த 100 எதற்கு என்று குழம்பி, திண்டிவனத்தில் இறங்கும்போது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்ததுதான் சுருக்கி என்பது மட்டும் மிஞ்சியிருந்தது.

மாடியை அளந்தோம். மனைவியின் இரும்பு டேப்பில் 720 சதுர அடி. என் தையல் டேப்பில் 770. என் டேப்பின் முதல் இரண்டு அங்குலத்தை எலி தின்றிருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

லேபர் மட்டுமா, மெட்டீரியலோடா என்று யோசித்ததில் இரண்டு மாதம். பிறகு ஆடி. ஆடி போனால் மழை வரப்போகிறதே, இப்போதா தளத்தைக் கொத்துவது? தை பிறந்ததும் புதுச் சிக்கல்: அவரை 'அண்ணே' என்பதா, 'தம்பி' என்பதா? அண்ணனிடம் ரேட்டைக் குறைக்கச் சொல்லக் கூச்சம். தம்பி என்றால், பார்த்தால் என்னைவிட மூத்தவராக இருந்து தொலைப்பார்.

போன வாரம் போட்டேவிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார். அதற்கு மட்டும் நான் தயாராக இல்லை.

"சொல்லுங்க சார்."

சதுரம், யூனிட், சாண்ட், சுருக்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன் சார். உங்க தெருவுக்குள்ள டிப்பர் வருமா?"

மறுநாள் காலை இரும்பு டேப்போடு தெருவில் குனிந்திருந்தேன். எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ரோடு போடப் போறாங்களாப்பா? எங்க படிக்கட்ட மட்டும் அளக்காத."