மேலாளர் எங்கே நிற்கிறார்? – கேள்வி-பதில்

*அங்கிள், வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டேன். "கண்ணெதிரே இருந்தால்தான் நம்புவேன்" என்கிறார் மேலாளர். (வங்கி ஊழியர், பாசிர் ரிஸ்)*

நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளுக்கான கோரிக்கைகள் குறித்து 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகளை அவருக்கு அனுப்புங்கள். தகுதிகாண் காலம் முடித்தவர் முறைப்படி கேட்டால், முதலாளி 2 மாதத்துக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். மறுத்தால் காரணமும் வேண்டும். ஒழுங்காக வேலை செய்பவரிடம் "நேரில் பார்த்தால்தான் ஆச்சு" என்பது ஏற்கத்தக்க காரணமல்ல என்று அதிலேயே இருக்கிறது. உங்கள் மேலாளரைப் பார்த்துவிட்டே எழுதியிருப்பார்கள் போல!

*அப்படியானால் கேட்டதையெல்லாம் கொடுத்தாக வேண்டுமா? (உணவுக்கடை உரிமையாளர், தெம்பனிஸ்)*

வேண்டாம். வணிகக் காரணம் நியாயமாக இருந்தால் மறுக்கலாம். பரோட்டாவை ஜூமில் வீச முடியாது. ஆனால் நெறிமுறைகள் இடத்தை மட்டும் சொல்லவில்லை. நேரத்தையும் வேலைப்பளுவையும் சேர்த்தே சொல்கின்றன. பரோட்டா மாஸ்டரிடம், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். மாவு அதுவரை ஊறட்டும்.

*நல்ல தலைவருக்கு ஒரே ஓர் அடையாளம்? (செங்காங்)*

கெட்ட செய்தியை அவரிடம் சொல்ல யாரும் நல்ல நேரம் பார்ப்பதில்லை.

*தலைமைத்துவப் பயிற்சி என்றால் அமெரிக்கப் புத்தகமாகவே கொடுக்கிறார்கள். நம் ஊர் ஆள் ஒருவரைச் சொல்லுங்கள். (பொறியாளர், லோயாங்)*

சொல்கிறேன், நன்றாகக் கேளுங்கள். 1974 ஜனவரி 31. புக்கோம் தீவில் ஷெல் எண்ணெய்த் தொட்டிகளைத் தகர்க்க வந்த நான்கு பேர், தப்பும்போது 'லாஜு' படகைக் கைப்பற்றிப் படகு ஊழியர்களைப் பிணை பிடித்தார்கள். நாள்கணக்கில் பேச்சு. கடைசியில் அவர்களைக் குவைத்துக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. அவர்கள் பத்திரமாகப் போய்ச்சேர உத்தரவாதமாக, சிங்கப்பூர் அதிகாரிகளும் அதே விமானத்தில் ஏறவேண்டும்.

பிப்ரவரி 8 அன்று ஏறிய 13 பேருக்குத் தலைமை எஸ்.ஆர். நாதன். தற்காப்பு அமைச்சில் பாதுகாப்பு, உளவுப் பிரிவின் இயக்குநர். ஆபத்தான இடத்துக்கு ஆள் அனுப்புகிற நாற்காலியில் இருந்தவர், தாமே போனார். குவைத் முதலில் இறங்கவே விடவில்லை. பேசிப் பேசித்தான் வழி பிறந்தது. பதின்மூன்று பேரும் திரும்பினார்கள்.

1999இல் அவர் அதிபரானார். அந்தப் பதவிக்கு நேர்காணல் 1974லேயே முடிந்துவிட்டது என்பேன்.

*விமானம் ஏறுவதெல்லாம் பெரிய விஷயம். அலுவலகக் கணக்கில் சொல்லுங்களேன். (கணக்காளர், ராஃபிள்ஸ் பிளேஸ்)*

2023இல் டிபிஎஸ் வங்கியின் மின்னிலக்கச் சேவை திரும்பத் திரும்ப முடங்கியது. அவசியமில்லாத வேலைகளை 6 மாதம் நிறுத்திவைக்கச் சொன்னது சிங்கப்பூர் நாணய ஆணையம். வங்கி என்ன செய்தது? அப்போதைய தலைமை நிர்வாகி பியூஷ் குப்தாவின் மாறும் ஊதியத்தில் 30 விழுக்காட்டை வெட்டியது. 4.14 மில்லியன் வெள்ளி! பல இடங்களில் சர்வர் விழுந்தால், கூடவே விழுவது ஹெல்ப்டெஸ்க் தம்பியின் போனஸ்தான்.

*ஏஐ வந்தபிறகு மேலாளர் எதற்கு? (பொங்கோல்)*

வந்த மின்னஞ்சலை அப்படியே கீழே தள்ளிவிடும் மேலாளர் என்றால், எதற்கும் இல்லை.

அதே டிபிஎஸ் 2025 பிப்ரவரியில், அடுத்த 3 ஆண்டுகளில் ஏறக்குறைய 4,000 ஒப்பந்த, தற்காலிக வேலைகள் ஏஐயால் குறையும் என்று அறிவித்தது. கசப்பான செய்திதான். ஆனால் முன்கூட்டித் தெரிந்தால் வேறு வேலை தேடவும் படிக்கவும் நேரம் இருக்கும். கடைசி நாள் மாலை 5 மணிக்குச் சொல்ல இயந்திரம் போதும். ஆறு மாதம் முன்னால் முகம் பார்த்துச் சொல்லத்தான் மனிதர் வேண்டும்.

*எனக்கு 47. என் புது மேலாளருக்கு 29. எப்படி அங்கிள்? (பாசிர் ரிஸ்)*

ஆளைத் தேர்ந்து வேலை கொடுப்பதற்கென்றே வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரம் எழுதினார். பத்துக் குறளில் ஒன்றிலும் வயது வரவில்லை. அவருக்கு மென்பொருள் தெரியும், உங்களுக்கு வாடிக்கையாளரைத் தெரியும், மாற்றிக்கொள்ளுங்கள். 40ஐ எட்டிய குடிமக்களுக்கு 2024 மே மாதம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சிக் கணக்கில் 4,000 வெள்ளி போட்டார்களே, தொட்டீர்களா?

*"நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்கிறார் முதலாளி. (தேக்கா)*

எந்தக் குடும்பத்தில் சித்தப்பாவை ஆட்குறைப்பு செய்தார்கள்? ஓவர்டைம் காசை நாளோடு கொடுக்கட்டும். பாசம் பிறகு தானாக வரும்.

*தொழிற்சங்கத் தலைவர்களையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பீர்களா? (ஜூரோங்)*

சேர்க்காமல்? பாசிர் ரிஸ் டௌன்டவுன் ஈஸ்ட்டில் உங்கள் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் நீர்ப்பூங்காவே தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் என்டியுசி கிளப்புடையது. 1969இல் நடந்த நவீனமயக் கருத்தரங்கில் தொழிற்சங்கத் தலைவர் தேவன் நாயர் முன்னின்று சங்கத்தின் பாதையைத் திருப்பினார். பிறகு காப்புறுதி, டாக்சி என்று கூட்டுறவுகள் வரிசையாக வந்தன. 1973இல் தோ பாயோவில் திறந்த 'வெல்கம்' கடைதான் பிற்காலத்து ஃபேர்பிரைஸின் வேர். மேடையில் முழங்கியவர்களை மறந்துவிட்டோம். அரிசி விலையைக் குறைத்தவர்களை மறக்க முடியுமா?

*பதவியை விட்டுப் போகும்போது ஒருவர் எதை விட்டுச்செல்ல வேண்டும்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், பிடோக்)*

ஆட்களை. 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1950களில் 'மாணவர் மணிமன்ற மலர்' என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கினார். அதில் எழுதிப் பழகியவர்கள்தான் பின்னாளில் இவ்வூரின் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் வந்தார்கள். தம் நாற்காலிக்குப் போட்டி வருமே என்று அவர் பயந்திருந்தால், இன்று படிக்க முரசும் இருந்திருக்காது.

*இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் வேலை சொல்லும் மேலாளர்? (யீஷூன்)*

பகல் 11 மணிக்கு யோசிக்காதவர்.

*திங்கட்கிழமை முதல் 8 பேருக்கு நான் மேலாளர். முதல் நாள் என்ன பேசலாம்? (பாசிர் ரிஸ்)*

பேசாதீர்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கோப்பிக்கடைக்கு அழைத்துப்போய், "உங்கள் வேலைக்கு எது இடைஞ்சல்?" என்று கேளுங்கள். சொன்னதில் ஒன்றையாவது அந்த வாரமே சரிசெய்யுங்கள். கோப்பிக் காசு உங்களுடையது. கம்பெனிக் கணக்கில் எழுதக்கூடாது!