வெயிலுக்கு மட்டும் ஒதுக்கிய தொகை

மேற்படிப்புக்காக வெளிநாடு செல்லும் மாணவரின் வீட்டில் தயாராகும் வரவுசெலவுத் திட்டம், அரசுகள் ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் தாக்கல் செய்யும் திட்டத்துக்கு எவ்வகையிலும் இளைத்ததன்று. அதிலும் பற்றாக்குறை உண்டு, வங்கிக் கடன் உண்டு, எதிர்க்கட்சி வரிசையில் ஒரு பெரியப்பா உண்டு, கடைசியில் விவாதமின்றிக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறும் வழக்கமும் உண்டு. செல்லும் ஊர் பாலைவனத்தில் அமைந்த கல்லூரி நகரமாக இருந்துவிட்டால் இத்திட்டத்தில் ஒரு புதிய கோளாறு சேர்ந்துகொள்கிறது. வெயில் என்ற ஒரே தலைப்பு மற்ற எல்லாத் தலைப்புகளையும் விழுங்கிவிடுகிறது. பாலைவனமோ, வெயிலைத் தவிர்த்த மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்தே விலைச்சீட்டு நீட்டும் இயல்புடையது.

இக்கூற்றை ஆராய, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சொனோரன் பாலைவனத்தின் நடுவே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 730 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கும் டூசான் நகரமும் அங்குள்ள அரிசோனா பல்கலைக்கழகமும் மிகப் பொருத்தமான களங்கள். பொருள் ஈட்டும்பொருட்டுத் தலைவன் வீட்டைப் பிரிந்து சுரம் கடந்து செல்வதைச் சங்கப் புலவர்கள் ‘பொருள்வயிற் பிரிவு’ என வகுத்துப் பாலைத் திணையில் வைத்தார்கள். இன்றைய மாணவரோ ஈட்டாத பொருளை வங்கியில் வாங்கிக்கொண்டு, அதைச் செலவழிப்பதற்காகவே பாலைக்குப் போகிறார் என்பதால், இலக்கண நூலார் இதற்கென ஒரு தனித் துறையை வகுத்திருக்க வேண்டும்.

இந்நகரத்தின் பல்கலைக்கழகமே ஒரு வரவுசெலவுத் தகராற்றில் பிறந்ததுதான். அரிசோனா மாநிலத் தகுதி பெற்றது 1912-இல். அதற்கு முன் அது ‘ஆட்சிப்பகுதி’, அதாவது வாஷிங்டனிலிருந்து நியமிக்கப்பட்ட ஆளுநரின் கீழ் இயங்கிய நிலப்பரப்பு. 1885-இல் கூடிய அதன் சட்டமன்றம், ஃபீனிக்ஸ் நகரத்துக்கு ஒரு மனநலக் காப்பகத்தையும் அதற்கென 1,00,000 டாலரையும் வழங்கிவிட்டு, தலைநகரப் பதவியை எதிர்பார்த்திருந்த டூசானுக்குப் பல்கலைக்கழகத்தையும் 25,000 டாலரையும் கொடுத்து அனுப்பியது. பித்தத்துக்கு நான்கு பங்கு, படிப்புக்கு ஒரு பங்கு என்ற இந்த ஒதுக்கீட்டைக் கண்ட டூசான் மக்கள் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை; கட்டடத்துக்கு வேண்டிய 40 ஏக்கர் நிலத்தைக் கடைசியில் கொடுத்தவர்கள் இரண்டு சூதாடிகளும் ஒரு மதுக்கடைக்காரருமே. உயர்கல்வியில் பணம் போடுவது எத்தகைய தொழில் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர்கள் அவ்வூரில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

தமிழ்க் குடும்பத்தின் திட்டத்துக்கு வருவோம். முதல் விவாதம் வெப்பத்தைப் பற்றியது, “நம்ம ஊர் வெயிலைப் பார்த்த பிள்ளைக்கு அந்த வெயில் எம்மாத்திரம்?” என்று பெரியப்பா எழுப்பும் கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. சென்னையில் 2003 மே 31 அன்று 45 பாகை செல்சியசும், டூசானில் 1990 ஜூன் 26 அன்று 47.2 பாகையும் பதிவாயின. இடைவெளி இரண்டு பாகை சொச்சம். அதற்காக ஒரு பெட்டி நிறையச் சூரியக்காப்புக் களிம்பு வாங்குவது மிகைதான். டூசான் மக்களே இந்த வெயிலை ஒரு நகைச்சுவையாக்கி வைத்திருக்கிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் ஃபாரன்ஹீட் அளவையில் 100 பாகையை, அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ 38 பாகையை, ஆண்டில் முதன்முறையாக வெப்பமானி தொடும் நாளை, ‘சாண்டா குரூஸ் ஆற்றில் பனிக்கட்டி உடைந்தது’ என்று அறிவிப்பார்கள். அந்த ஆற்றில் பனிக்கட்டியும் இல்லை, பெரும்பாலான நாட்களில் தண்ணீரும் இல்லை.

வெப்பத்தைவிட, அதைத் தணிக்கும் கருவியைப் பற்றித்தான் குடும்பம் கேட்டிருக்க வேண்டும். டூசானின் பழைய வீடுகள் பலவற்றின் கூரையில் இருப்பது ஏசி அன்று; அங்கே ‘ஸ்வாம்ப் கூலர்’ எனப்படும் ஆவிக் குளிர்விப்பான், நம் கடைகளில் ஏர் கூலர் என்ற பெயரில் விற்கும் பொருளின் மூத்த உறவு. ஈரமான திண்டின் வழியாக வெளிக்காற்றை இழுக்கும்போது, நீர் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்வதால் காற்று குளிர்கிறது. கோடையில் சன்னலில் வெட்டிவேர்த் தட்டியைத் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்த தலைமுறைக்கு இதைப் பாடமாக நடத்தத் தேவையில்லை. காற்று உலர்ந்திருக்கும் வரை இக்கருவி மிகக் குறைந்த மின்சாரத்தில் அருமையாக வேலை செய்யும். டூசானின் ஜூன் மாதக் காற்று அப்பளத்தைக்கூடக் காயவைத்துவிடும் என்பதால் ஜூனில் எந்தக் குறையும் இல்லை. ஜூலையில் பருவமழைக் காற்று ஈரத்தைச் சுமந்து வந்ததும், ஈரக் காற்றில் மேலும் நீர் ஆவியாக இடமில்லாத காரணத்தால், அதே கருவி வீட்டைச் சென்னை ஆக்கிவிடுகிறது.

இங்கேதான் விதி தன் கணிதத் திறமையைக் காட்டுகிறது. எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் முதன்முறை செல்பவர், படிப்பு தொடங்கும் நாளுக்கு 30 நாட்களுக்கு முன்னதாக அமெரிக்காவில் நுழைய முடியாது. வகுப்புகள் தொடங்குவதோ ஆகஸ்ட் பிற்பகுதியில். ஆகவே புதிய மாணவர் ஜூலை கடைசிக்கும் ஆகஸ்ட் இறுதிக்கும் இடையில், அதாவது கூரைமேல் இருக்கும் கருவி ஓய்வு பெற்ற அதே வாரங்களில், இரண்டு 23 கிலோ பெட்டிகளோடு வந்து இறங்குகிறார். வீட்டு விளம்பரத்தில் ‘குளிர்விக்கும் வசதி உண்டு’ என்று எழுதியிருந்தது பொய்யன்று. அது ஜூன் மாதத்து உண்மை.

அடுத்த தலைப்பு வெள்ளம். பாலைவனத்துக்கான திட்டத்தில் வெள்ள நிவாரணம் ஒதுக்கியவர் எவரும் இலர். ஆனால் அங்கே வறண்ட காலம் முடிந்ததும் வானம் கணக்குத் தீர்க்கும் விதமே வேறு. டூசானின் ஆண்டு மழை ஏறத்தாழ 270 மில்லிமீட்டர், சென்னையின் அளவில் ஐந்தில் ஒரு பங்கு. அதில் பாதியளவு, ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என வானிலைத் துறை வரையறுத்துள்ள பருவமழைக் காலத்தில், பெரும்பாலும் பிற்பகல்களில், சில நிமிடங்களுக்குள் கொட்டித் தீர்க்கும். கெட்டித்த தரை அந்நீரை உள்ளே விடாது. பல தெருக்களில் மழைநீர் வடிகாலும் இல்லாததால் தெருவே வாய்க்காலாகிறது. ஆண்டெல்லாம் மணல் மட்டுமே கிடக்கும் ‘வாஷ்’ எனப்படும் ஓடைகள் காட்டாறாகப் பெருகிச் சாலைகளைக் குறுக்கே வெட்டும். சாலையில் வைத்த தடுப்பைச் சுற்றிக்கொண்டு வண்டியை அந்நீரில் இறக்கி மாட்டிக்கொள்பவர், தம்மை மீட்டெடுத்த செலவை 2,000 டாலர் வரை தாமே செலுத்த வேண்டும் என 1995-இல் அரிசோனா ஒரு சட்டம் இயற்றியது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘முட்டாள் ஓட்டுநர் சட்டம்’. அறிவின்மைக்கு இவ்வளவு துல்லியமாக உச்சவரம்பு நிர்ணயித்த சட்டங்கள் உலகில் அதிகம் இருக்க முடியாது. இன்ன தொகைக்கு மேல் ஒருவர் முட்டாளாக இருக்க முடியாது என்பது ஒரு வகையில் ஆறுதலும்கூட.

வெள்ளம் வடிந்தால் குளிர். ஈரமற்ற காற்றும் மேகமற்ற வானமும் பகலில் பெற்ற வெப்பத்தை இரவில் பிடித்துவைப்பதில்லை என்பதால், டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை நான்கைந்து பாகைக்கு இறங்கும். சில இரவுகளில் உறைநிலையையும் தொடும். நகரத்தின் வடக்கெல்லையில் நிற்கும் லெம்மன் மலை 2,790 மீட்டர் உயரம்; அதன் உச்சியில் பனிச்சறுக்கு விளையாட்டுத் திடலே இருக்கிறது. பெட்டியின் எடை கூடியபோது “பாலைவனத்துக்கு எதற்கு ஸ்வெட்டர்?” என்று வெட்டுத் தீர்மானம் கொண்டுவந்து, பிரஷர் குக்கரை மட்டும் காப்பாற்றிய குடும்ப அவை, அத்தீர்மானத்தை எதிர்த்துத் தனியாக நின்ற தாயின் உறுப்பினர் தகுதியைப் பின்னோக்கி உயர்த்துவதே முறை.

இருளுக்கும் ஒரு தொகை வேண்டும். டூசானைச் சுற்றிலும் கிட் பீக் முதலிய வானாய்வு நிலையங்கள் இருப்பதால், விண்மீன்களை மறைக்கும் செயற்கை ஒளியைக் கட்டுப்படுத்தும் விதிகளை அந்நகரம் 1970-களிலேயே வகுத்துக்கொண்டது. பெரிய தொலைநோக்கிகளுக்கான ஆடிகளை வார்க்கும் பல்கலைக்கழகக் கூடமே கால்பந்து அரங்கின் பார்வையாளர் வரிசைகளுக்குக் கீழேதான் இயங்குகிறது. அண்டத்தின் எல்லையை அங்கிருந்து தெளிவாகக் காணலாம். வீட்டுப் படிக்கட்டைக் காண டார்ச் வேண்டும். அதோடு இரண்டாவதாக ஒரு புற ஊதா டார்ச்சும் வாங்குவது நல்லது. அரிசோனாவின் மரப்பட்டைத் தேள் அவ்வொளியில் பச்சையாக மின்னும் என்பதால், காலணிக்குள் கால் வைக்குமுன் அதன் உள்ளே எட்டிப்பார்க்க அது உதவும். நண்பர்கள் இதைக் கேலி செய்வார்கள். கடிபட்டவர்கள் செய்ய மாட்டார்கள்.

போக்குவரத்தில் மட்டும் சிறிது வரவு உண்டு. பெருந்தொற்றுக் காலமான 2020-இல் நகரப் பேருந்துகளில் நிறுத்தப்பட்ட பயணக் கட்டணம் அதன்பின் பல ஆண்டுகள் திரும்ப வரவில்லை; 2014-இல் ஓடத் தொடங்கிய டிராம் வண்டியும் பல்கலைக்கழகத்தை நகர நடுவத்தோடு இணைக்கிறது. இவற்றை நம்பாமல் சைக்கிள் வாங்குபவர், கார்கள் நுழையாத நீண்ட சைக்கிள் பாதையில் ஒரு பழைய அறிமுகத்தைச் சந்திப்பார். அங்கே சைக்கிள் டியூப்களின் பரம எதிரியாகக் கருதப்படும் செடி, தாவரவியலார் ‘டிரிபுலஸ் டெரஸ்டிரிஸ்’ என்று அழைக்கும் நம் நெருஞ்சியேதான். ஊரில் வெறுங்காலில் தைத்த முள் ஏறத்தாழப் பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் டயரில் தைக்கும்போது, பஞ்சர் ஒட்டும் செலவுக்கிடையே சிறு ஊர்ப்பாசமும் எழக்கூடும்.

இன்னொரு செலவை எந்தப் பொருளாதாரக் கோட்பாட்டாலும் விளக்க முடியாது. ஈரத்துணி அரைமணி நேரத்தில் மொறுமொறுப்பாகக் காயும் அந்த ஊரில், பல அடுக்குமாடிக் குடியிருப்புகள் பால்கனியில் துணி உலர்த்துவதைத் தடை செய்கின்றன. குடியிருப்பின் அழகு கெடுமாம். ஆகவே மாணவர், வெளியே 40 பாகையில் உலகமே இலவச உலர்த்தியாகக் காத்திருக்க, உள்ளே ஒரு வெப்ப இயந்திரத்தில் காசு போட்டுத் துணியைக் காயவைத்து, அந்த இயந்திரம் கக்கிய சூட்டைத் தணிக்க ஏசிக்கும் காசு கொடுக்கிறார். சூரியனைச் சும்மா இருக்க வைப்பதற்கு இவ்வளவு செலவிடும் நாகரிகம் வேறு எதுவும் தோன்றியதில்லை என்றே கருதலாம்.

எஞ்சியிருப்பது குத்தகைப் பத்திரம். திட்டத்தின் மிகப் பெரிய தொகை அடங்கியிருப்பதும், எல்லோரும் படிக்காமல் கையெழுத்திடுவதும் அதுவே. நால்வர் சேர்ந்து ஒரே பத்திரத்தில் கையெழுத்திட்டால் அது பெரும்பாலும் ‘கூட்டுப் பொறுப்பு’ எனப்படும் ஏற்பாடு. அதாவது ஒருவர் பாதியில் ஊர் திரும்பினால் அவர் பங்கை மற்ற மூவரும் செலுத்த வேண்டும். அறைக்கு ஒரு பத்திரம் என்னும் தனிக் குத்தகையில் வாடகை சற்றுக் கூடும், நட்பு சற்று நீடிக்கும். அரிசோனா சட்டப்படி வீட்டுக்காரர் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. வீட்டைக் காலி செய்து, முன்பணத்தைக் கேட்டபின் 14 வேலை நாட்களுக்குள் கழிவுகளைப் பட்டியலிட்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். எனவே டூசானுக்குப் பெட்டி கட்டுவோர், குடிபுகும் நாளிலேயே சுவர்களையும் அடுப்பையும் கம்பளத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்னால், கையெழுத்திடும் பேனாவைத் திறப்பதற்கு முன்பே, கூரைமேல் இருப்பது ஏசியா கூலரா என்று ஒரு வரியில் எழுதிக் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.