இன்னோவேஷனுக்குக் காப்புக் கட்டு

2025 அக்டோபர் 9 கோயம்புத்தூருக்கு இரட்டைத் திருவிழா. அவினாசி சாலைக்கு மேலே கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர் நீளப் பாலத்தைத் திறந்து, ஜி.டி.நாயுடு பெயரைச் சூட்டினார்கள். அதே நாளில் கொடிசியாவில் உலகப் புத்தொழில் மாநாடு. பாலத்தில் ஏறினால் கண்டுபிடிப்பாளர் பெயர். இறங்கினால் கண்டுபிடிப்பாளர் கூட்டம். சரவணம்பட்டி முதல் மலுமிச்சம்பட்டி வரை கல்லூரி வாசல்தோறும் ஒரே சொல்: இன்னோவேஷன். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால்கூடப் பதினைந்து நாளில் நோன்பு முடிந்து அவிழ்த்துவிடுவார்கள். இந்தச் சாமிக்கு வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் காப்புத்தான்.

சாமியின் பூர்வீகம் என்னவென்று பூசாரிகளுக்கே தெரியாது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் இந்தச் சொல் ஒரு வசவு. 1548-இல் ஆறாம் எட்வர்டின் அரசாங்கம், தேவாலயச் சடங்கைத் தன் இஷ்டத்துக்கு மாற்றுகிறவர்களை எச்சரித்து, இந்தச் சொல்லையே போட்டு ஆணை பிறப்பித்தது. ஹென்றி பர்ட்டன் என்ற பாதிரியார், ஆயர்கள்தான் வழிபாட்டில் இன்னோவேஷனைப் புகுத்துகிறார்கள் என்று பிரசங்கம் செய்தார். ஆயர்களுக்குப் பொறுக்கவில்லை. 1637-இல் லண்டனில், ஊர் பார்க்க மரச்சட்டத்தில் கழுத்தை மாட்டி, அவருடைய இரண்டு காதையும் அறுத்தார்கள். இன்னோவேட்டர் என்ற பட்டத்தைச் சுமக்க அன்றைக்கு ஒருத்தரும் தயாராக இல்லை. வெகுகாலம் கலகக்காரனுக்கும் குழப்பக்காரனுக்கும்தான் அது பெயர்.

இருபதாம் நூற்றாண்டில் ஷும்பீட்டர் என்ற பொருளாதார அறிஞர் வந்துதான் சொல்லுக்கு மரியாதை கிடைத்தது. அவரும் சும்மா கொடுக்கவில்லை. ஒன்றைக் கண்டுபிடிப்பது வேறு, அது சந்தைக்கு வந்து பழையதைப் பெயர்த்துப் போடுவது வேறு. இரண்டாவதுதான் இன்னோவேஷன் என்று கறாராகப் பிரித்தார். இன்றைய பக்தர்கள் சொல்லை எடுத்துக்கொண்டார்கள், கறாரை விட்டுவிட்டார்கள்.

அந்தக் கறாரான அர்த்தத்தில் வேலை பார்த்த ஊர் இது. 1955-இல் சபாபதி என்பவர் இங்கே முதல் கிரைண்டரைச் செய்தார் என்பார்கள். ஆட்டுக்கல்லில் குழவி சுற்றும், கல் சும்மா கிடக்கும். அவர் கல்லைச் சுற்றவிட்டார், குழவியை நிறுத்திவைத்தார். செய்தது அவ்வளவுதான். ஆனால் விடியற்காலை மாவாட்டித் தோள்பட்டை தேய்ந்த பெண்களுக்கு அது விடுதலை. ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் பட்டறை பட்டறையாகப் பெருகி, புவிசார் குறியீடும் வாங்கிய பொருள் அது. யாரும் அதற்கு இன்னோவேஷன் சென்டர் கட்டவில்லை. மோட்டார், பெல்ட், ஊத்துக்குளிப் பக்கத்துக் கல், அதைக் கொத்தத் தெரிந்த நாலு கை. போதும்.

அந்தக் கிரைண்டருக்கு அரசாங்கம் செய்த மரியாதையைப் பாருங்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி 28 சதவீதம். கூப்பாடு போட்டதும் இரண்டே மாதத்தில் 12. 2019-இல் 5. அப்பாடா என்று உட்காருவதற்குள் 2022 ஜூலையில் 18. ஐந்து வருஷத்தில் நாலு விகிதம்! பட்டறைக்காரர் ஒரு மாடலை மாற்ற மூன்று வருஷம் எடுத்துக்கொள்வார். மந்திரிமார் கூடும் ஜிஎஸ்டி மன்றம் வரியை ஒரே மத்தியானத்தில் மாற்றிவிடுகிறது. உண்மையான இன்னோவேஷன் சென்டர் டெல்லியில்தான் இருக்கிறதுங்க.

பாப்பநாயக்கன்புதூர் முருகானந்தம் கதையும் இதேதான். பெண்களுக்கு மலிவாக நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கப் புறப்பட்டவரை ஊர் பைத்தியம் என்றது. 2014-இல் டைம் பத்திரிகை செல்வாக்குள்ளவர்களின் உலகப் பட்டியலில் போட்டது, 2016-இல் பத்மஸ்ரீ வந்தது, 2018 பிப்ரவரியில் அவர் கதையை வைத்து இந்திப் படமும் வந்தது. படம் ஓடிய நாளில் நாப்கினுக்கு வரி 12 சதவீதம். தியேட்டரில் கைதட்டிவிட்டு, வெளியே வந்து மருந்துக் கடையில் வரி கட்டினோம். அந்த வரியை எடுக்க ஜூலை வரை ஆனது.

2024 செப்டம்பரில் கோவையில் நிதியமைச்சர் நடத்திய கூட்டத்தில் ஓர் ஓட்டல்காரர் எழுந்து, பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதமா என்று கொங்குக் குசும்போடு கேட்டார். அரங்கம் சிரித்தது. ஓரிரு நாளில் அவர் அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சி நாடெங்கும் ஓடியது. 1637-இல் காதை அறுத்தார்கள். இப்போது நாகரிகம் வளர்ந்துவிட்டது, வீடியோ எடுக்கிறார்கள்.

இனி கல்லூரிகளுக்கு வருவோம். 2018-இல் மத்திய அரசு, கல்லூரிதோறும் இன்னோவேஷன் கவுன்சில் அமைக்கச் சொல்லி, நட்சத்திர மதிப்பும் கொடுக்க ஆரம்பித்தது. 2021-இல் கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணத்தில் 80 சதவீதம் தள்ளுபடி. ஆடித் தள்ளுபடியே தோற்றது, கூட்டம் அம்மாதிரி.

வித்தை இப்படி நடக்கும். விண்ணப்பம் போட்டால் சாதாரணமாகப் பதினெட்டு மாதம் கழித்துத்தான் அரசு இதழில் வெளியிடுவார்கள். ஒன்பதாம் எண் படிவத்தோடு கூடுதல் பணம் கட்டினால் ஒரு மாதத்தில் வெளிவந்துவிடும். வெளியிடுவது என்றால் அச்சுப் போடுவது, அவ்வளவுதான். சரக்கு புதுசா பழசா என்று அதுவரை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்கச் சொல்லித் தனியாக மனுப் போட வேண்டும். கெடுவுக்குள் போடாவிட்டால் விண்ணப்பம் தானாகச் செத்துவிடும். பலர் போடுவதே இல்லை. போட்டால் ஆய்வாளர் கேள்வி கேட்பாரே! நமக்கு வேண்டியது ‘பேட்டன்ட் பப்ளிஷ்டு’ என்று ஃபிளெக்ஸில் போட ஓர் எண். தரவரிசைப் படிவத்தில் ஒரு கட்டம். பேராசிரியரின் சம்பள உயர்வுக்கு ஒரு புள்ளி.

தலைப்பைப் படித்தாலே சரக்கு தெரியும்: ‘செயற்கை நுண்ணறிவு மற்றும் பொருட்களின் இணையம் அடிப்படையிலான நுண்ணறிவுக் குப்பைத்தொட்டி’. கண்டுபிடித்தவர்கள் எட்டுப் பேர்: எட்டு ஊர், எட்டுத் துறை, ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. கண்டுபிடிப்பாளராக இடம் காலி, முதல் பெயருக்கு இவ்வளவு, நாலாவது பெயருக்கு இவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் வருகிறது. பொருளைச் சந்தையில் விற்பதுதான் ஷும்பீட்டர் சொன்னது. இவர்கள் கண்டுபிடிப்பாளர் பட்டத்தையே சந்தையில் விற்கிறார்கள். கிழவர் பார்த்திருந்தால் புத்தகத்தைத் திருத்தி எழுதியிருப்பார்.

பாலத்தில் பெயராகத் தொங்கும் நாயுடுவுக்கு வருகிறேன். கலங்கல் கிராமத்துக்காரர், பள்ளிப்படிப்பை முடிக்காதவர். ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் மோட்டார் சைக்கிள் வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் பார்த்தவர். 1920-இல் பொள்ளாச்சி–பழனி பஸ் விட்டவர். 1945-இல் இந்த ஊரில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி வந்தபோது அதன் முதல்வர் அவர்தான். பொறியியலுக்கு நாலு வருஷம் தண்டம், இரண்டு வருஷம் போதும் என்றார். அரசாங்கம் ஒப்பவில்லை. விலகினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய ஜி.சி.டி.

அவரே இன்று உயிரோடு வந்து, அந்தப் பாலத்தடியில் இருக்கும் ஏதாவதொரு கல்லூரியில் லேத் பட்டறை உதவியாளர் வேலை கேட்டால், “டிப்ளமோ சர்டிபிகேட் இருக்குங்களா?” என்று கேட்டு அனுப்பிவிடுவார்கள். செத்தவருக்கு 10.1 கிலோமீட்டர், அவரைப்போல இன்று சிட்கோ தொழிற்பேட்டையில் ஜாப் ஒர்க் எடுத்து, மின்சார நிலைக்கட்டணத்துக்கும் பீக் ஹவர் கட்டணத்துக்கும் பயந்து மெஷினை நிறுத்தி வைத்திருக்கிறவருக்கு ஒரு முழம்கூட இல்லை.

பெற்றோர்களே, வருகிற ஜூன் மாதம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அட்மிஷனுக்குப் போவீர்கள். ஏசி அறையில் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, எங்களிடம் முந்நூறு பேட்டன்ட் இருக்கிறது என்பார்கள். காப்பியைக் குடித்துவிட்டு இரண்டே கேள்வி கேளுங்கள். அதில் பரிசோதித்து உரிமை வழங்கியது எத்தனை? அதில் ஒன்றையாவது காசு கொடுத்து வாங்கியவர் யார்? பதில் வரவில்லை என்றால், கட்டணம் கட்டாமல் எழுந்து வாருங்கள்.