நதிமூலம், ரிஷிமூலம், நிரல்மூலம்: ஓர் ஆய்வு

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாது என்பார்கள். பேக்கேஜ் மேனேஜர்கள் இக்கொள்கைக்கு எதிர்க்கட்சி. அப்கிரேடு என்று பேச்செடுத்தாலே அவை முதலில் துருவுவது, மென்பொருள் எங்கே பிறந்தது என்பதைத்தான்: ரெடிமேடாக வந்திறங்கியதா, சோர்ஸிலிருந்து வீட்டிலேயே கம்பைல் ஆனதா?

இதில் ஹோம்புரூ தேர்ந்த கணக்குப்பிள்ளை. நிறுவும் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரசீதுக் கோப்பு எழுதி, இது ரெடிமேடா அல்லவா என்று அதிலேயே குறித்துவைக்கும்.

ஃப்ரீபிஎஸ்டியின் பிகேஜியோ கண்டிப்பான மாமியார். சோர்ஸிலிருந்து கட்ட உதவும் போர்ட்ஸில் உட்கார்ந்து, வேண்டாததை நீக்கி வேண்டியதைச் சேர்த்து நாம் கட்டிய மென்பொருளை அடுத்த அப்கிரேடில் பார்க்கும். வெர்ஷன் அதேதான். இருந்தும் 'ஆப்ஷன்ஸ் சேஞ்ச்டு' என்று ஒரு வரி காட்டிவிட்டு, தன் கிடங்குச் சரக்கை அந்த இடத்தில் வைத்துவிடும். பூட்டிவைக்கலாமே எனின், வைக்கலாம்; பிறகு பாதுகாப்புத் திருத்தமும் உள்ளே வராது என்க.

2002இல் முதல் பதிப்பு கண்ட ஜென்டூ லினக்ஸ், கம்பைல் செய்வதையே குலதர்மமாகக் கொண்டது. அதுவே 2023 டிசம்பர் இறுதியில் ரெடிமேட் பேக்கேஜுகளைப் பரவலாகத் தருவதாக அறிவித்தது. ஆயினும் எந்த வசதிகள் வேண்டும் என்று நாம் குறித்த யூஸ் ஃபிளாகுகளின் பொருத்தம் பார்த்த பிறகே சம்மதம். பொருந்தாவிட்டால் பழையபடி கம்பைல்தான், ஃபேன் அலற அலற.

ஆய்வாளரை அதிகம் வாட்டுவது டெபியனில் 'சுடோ மேக் இன்ஸ்டால்' அடித்துப் பிறந்த பிள்ளை. அது யூஎஸ்ஆர் லோக்கலில் போய்க் குடியேறும். ஆப்ட்டின் குடும்ப அட்டையில் அதற்குப் பெயர் இராது. பின்னொரு நாள் வேறொரு பேக்கேஜுக்குத் துணையாக அதே மென்பொருளை ஆப்ட் கொண்டுவந்து யூஎஸ்ஆர் பின்னில் வைக்கும், அவ்வப்போது அப்கிரேடும் செய்யும். பாத் வரிசையிலோ யூஎஸ்ஆர் லோக்கலுக்கே முதல் பந்தி. ஆகவே கட்டளையைத் தட்டினால் எழுந்து வருவது பழையதுதான். ஆப்ட்டைக் கேட்டால் எல்லாம் புதிது என்று சத்தியம் செய்யும். கட்டளையிடமே வெர்ஷன் கேட்டால் பழைய எண் வரும். இருவர் கூற்றும் மெய்.

'விச் -ஏ' போட்டால் இரண்டு முகவரியும் அகப்படும். பழையதை நீக்க 'மேக் அன்இன்ஸ்டால்' உண்டா எனின், எழுதியவர் மனம்வைத்திருந்தால் உண்டு. வைக்காத இடங்களை ஆராயத் தனி நிதிநல்கை வேண்டப்படுகிறது.