நவாப் ஒருவர், ஊர் இரண்டு

கேள்வி: தென்னிந்தியாவின் முதல் ரயில் எங்கள் ஊருக்குத்தான் வந்ததாமே? அந்தக் கால எஞ்சின் இன்றும் ஓடுகிறதா?
– வாசகர், வாலாஜாபாத்

பதில்: 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் புறப்பட்ட ரயில் போய்ச் சேர்ந்தது ராணிப்பேட்டைப் பக்கத்து வாலாஜா ரோடுக்கு. இரண்டு ஊர்களுக்கும் பெயர் தந்த நவாப் ஒருவரே; ஆகையால் பெருமையில் பாதியை நீங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

எஞ்சின் விஷயத்தில் இன்னும் நல்ல செய்தி. அந்தப் பாதைக்கே ஒரு வயது மூத்த ஈ.ஐ.ஆர்.21 என்ற நீராவி எஞ்சின், 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்தது. 1909இல் ஓய்வு கொடுத்து, நூறாண்டுகளுக்கு மேல் ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிக்கு நிறுத்திவைத்தார்கள். 2010இல் நம் பெரம்பூர் தொழிலாளர்கள் அதைத் திரும்ப ஓடவைத்தார்கள். நூறாண்டு அசையாத இரும்பில் நீராவி ஏற்றிய அந்தக் கைகளுக்குத் தங்கக் காப்பே போடலாம்! 2019இல் அது நாகர்கோவில்–கன்னியாகுமரி இடையே கடலோரம் வரை புகைவிட்டுப் போய்வந்தது.

அடுத்த ஓட்டம் ராயபுரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் ஆசை. 1856இன் நிலையக் கட்டடம் இன்னும் அங்கே நிற்கிறது. காஞ்சிபுரம் வழியாக உங்கள் ஊருக்கும் தண்டவாளம் இருக்கிறது. ரயில்வேக்கு ஒரு மனு போடுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன்.